படுக்கப் போட்ட டி.வி.யும் ஆச்சியின் புளியங்கொட்டையும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். நடு அறையில் 43 இன்ச் டி.வி. ஒன்று மல்லாந்து படுத்திருக்கும். சுற்றி மரச்சட்டம், மேலே கண்ணாடி, நாலு பக்கமும் பத்தமடைப் பாய், ஓரத்தில் ஒரு சுளகில் பகடைகள். மாதம் இரண்டு சனிக்கிழமை ராத்திரி ஆறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிறோம். இந்த மேசை இன்றைய நிலைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது, அதில் முக்கால்வாசி தப்பான வழியில் போய்த் திரும்பி வந்த காலம். இப்போது மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தெரிந்தவர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லும்போது ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறேன், அப்புறம் அவர்கள் அந்த ஒன்றில்தான் போய் மாட்டுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ரோல்பிளேயிங் கேம் என்றால் கூடி உட்கார்ந்து கதையை வளர்ப்பது. ஒருவர் கதையை நடத்துவார், அவரை ஜி.எம். என்போம், எங்கள் வீட்டில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவு பூட்டியிருக்கு, என்ன செய்யுத?" என்று நான் கேட்பேன். உடைக்கிறேன் என்று தம்பி சொல்வான். உடையுமா என்பதைப் பகடை சொல்லும். இந்த வகையில் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் கொண்டுவந்தது. நாங்கள் ஆடுவது அதன் ஐந்தாம் பதிப்பு விதிகள், கதை மட்டும் எங்களுடையது: பொதிகை அடிவாரத்தில் நாங்களாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு பாளையம், அதன் காடு, அதன் ஆறு. பகடையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தாயக்கட்டையை உள்ளங்கைக்குள் உரசி உருட்டும்போது வருகிற அந்தக் கலகல சத்தத்தில் பாதி ஆட்டம் இருக்கிறது என்பது ஆச்சியோடு உட்கார்ந்து ஆடிய எல்லாருக்கும் தெரியும். கட்டைக்குப் பதில் இங்கே இருபது முகமுள்ள டி20, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருஷம் சார்ட் பேப்பரில் ஓட்டினோம். ஒரு இன்ச்சுக்கு ஒரு கட்டம், ஒரு கட்டம் கதையில் ஐந்து அடி. நான் பென்சிலால் அறை அறையாக வரைந்து, அவர்கள் இன்னும் போகாத இடத்தையெல்லாம் பழைய நியூஸ் பேப்பர் துண்டுகளால் மூடி வைப்பேன். அதில்தான் சிக்கல். பேப்பர் எங்கே மூடியிருக்கிறதோ அங்கே ஏதோ இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். சித்தி மகன் கல்லூரி முதல் வருஷம், கண் ரொம்பக் கூர்மை, துண்டின் அளவை வைத்தே "அந்த ரூம் பெருசு மதினி, உள்ள பெரிய சாமான் இருக்கு" என்று பக்கத்து வீட்டு மதினியிடம் கிசுகிசுப்பான். இருட்டுக்குள் பந்தம் பிடித்துப் போகிற பயம் எங்கள் மேசையில் ஒருநாளும் வரவில்லை. லேப்டாப்பிலிருக்கும் வரைபடத்தை டி.வி.யில் போட்டு, போன இடத்தை மட்டும் காட்டலாமே என்று, அந்தப் பயத்துக்காகத்தான் நான் திரைக்கு ஆசைப்பட்டேன்.

டி.வி. வாங்குவதில் முதல் தப்பு. வீட்டில் சும்மா கிடந்த பழைய 32 இன்ச் திரையை எடுத்துப் படுக்கப் போட்டேன். எனக்கு அருமையாகத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி, கறுப்பு வெளுத்து, வெளுப்பு கறுத்து. டி.என். என்கிற பழைய வகைத் திரை அப்படித்தான், கீழ்ப்பக்கமிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும். சுவரில் மாட்டுகிற டி.வி.யை யாரும் தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பதில்லை, அதனால் கடையில் இது தெரியாது. படுக்கப் போட்டால் நாலு பேர் நாலு பக்கம், எல்லாருமே சாய்ந்துதான் பார்க்கிறார்கள். ஆகவே எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரையாகப் பார்த்து வாங்குங்கள். வி.ஏ. திரை நேரே பார்க்க இன்னும் நல்ல கறுப்பைக் காட்டும், பக்கவாட்டில் போனால் வெளிறும், நம் வேலைக்கு அது இரண்டாம்பட்சம். ஓ.எல்.ஈ.டி. வேண்டவே வேண்டாம். கட்டக் கோடுகள் மணிக்கணக்கில் அதே இடத்தில் நிற்பதால் அந்தத் தடம் திரையிலேயே பதிந்து போகும். நான் அடுத்து வாங்கியது பழைய 43 இன்ச் ஐ.பி.எஸ்., ஃபுல் எச்.டி., தெரிந்தவர் வீட்டில் புது டி.வி. வந்ததால் ஒன்பதாயிரத்துக்குக் கிடைத்தது. கடையில் வாங்குவதாயிருந்தால் சங்கடப்படாமல் அதைத் தரையில் படுக்க வைக்கச் சொல்லி, நாலு பக்கமும் குத்தவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து ஆசாரி. கல்யாணத்துக்குக் கட்டில் பீரோ செய்து தந்த அதே ஆசாரிதான். நான் படம் போட்டுக் காட்டினேன், டி.வி. உட்காரும் அளவுக்கு ஒரு தொட்டி, அவ்வளவுதான் என்று. அவர் டி.வி.யைப் புரட்டி முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இதத் தாங்கப் போடணுமா, தொங்கப் போடணுமா? அதச் சொல்லு தாயி மொதல்ல." எனக்கு விளங்கவில்லை. அவர் காட்டினார்: டி.வி.யின் முதுகு சமமாக இல்லை, கீழ்ப் பாதியில் புடைத்தும் மேல் பாதியில் ஒட்டியும் இருக்கிறது. அப்படியே பலகையில் வைத்தால் புடைப்பில் மட்டும் எடை நிற்கும், மேல் பாதி அந்தரத்தில் கிடக்கும். திரையின் விளிம்பைச் சட்டத்தில் உட்கார வைத்தால் முழு எடையும் அந்த மெல்லிய விளிம்பில் போகும். சுவரில் மாட்டுவதற்காக முதுகில் நாலு திருகுத் துளை இருக்கிறதே, எங்கள் டி.வி.யில் 200-க்கு 200 மில்லிமீட்டர், எடை தாங்குவதற்கென்றே வைத்த இடம் அதுதான். அந்த நாலு திருகில் இரண்டு ப்ளைவுட் பட்டையை முடுக்கி, பட்டைகளைச் சட்டத்தின் மேல் ஏற்றி உட்கார வைத்தார். திரையின் விளிம்பு எதிலும் படவில்லை. டி.வி.யைச் சாய்த்து வைப்பது பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாக இதைப் பார்த்ததில்லை.

சூடு முக்கியம், நம்ம ஊரில் இன்னும் முக்கியம். டி.வி.க்குச் சூடு வெளியேறுகிற துவாரம் எல்லாம் முதுகில். சுவரில் நிற்கும்போது சூடான காற்று தானாக மேலே ஏறிப் போகும், படுக்கப் போட்டால் அடியில் சிக்கிக் கொள்ளும். சித்திரையில் எங்கள் மாடி அறை சாயங்காலம் ஏழு மணிக்கும் அடுப்பங்கரை மாதிரி இருக்கும். முதல் கோடையில் மூன்று மணி நேரம் ஓடியதும் திரை ஒரு மூலையில் மஞ்சள் பூக்க ஆரம்பித்தது, பயந்து அணைத்துவிட்டேன். அப்புறம் அடியில் மூன்று இன்ச் இடைவெளி விட்டு, தொட்டியின் இரண்டு பக்கமும் துளை போட்டு, கம்ப்யூட்டருக்கு வைக்கிற 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு வைத்தோம். ஒன்று உள்ளே இழுக்க, ஒன்று வெளியே தள்ள. அவை 12 வோல்ட் ஃபேன், ஆனால் டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்து 5 வோல்ட் கொடுத்தால் மெதுவாகச் சத்தமில்லாமல் சுற்றுகின்றன, டி.வி.யோடு சேர்ந்தே அணைகின்றன. எல்லா ஃபேனும் 5 வோல்ட்டில் சுற்றிவிடாது, வாங்கும்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மேலே கண்ணாடி. அக்ரிலிக் லேசாக இருக்கும், ஆனால் நடுவில் தொய்யும், மாதம் இரண்டு தடவை துடைத்தால் ஒரு வருஷத்தில் கீறல் கோலம் போட்டுவிடும். நாங்கள் போட்டது 5 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கியது), 38-க்கு 22 இன்ச், ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. டஃபன்ட் ஆக்கிய பிறகு அதை வெட்ட முடியாது, அளவு கால் இன்ச் தப்பினாலும் மொத்தமும் வீண், அதனால் டி.வி. சட்டத்தில் உட்கார்ந்த பிறகு அளவெடுங்கள், முன்னால் எடுக்காதீர்கள். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்குக் காய் ஒரு கட்டத்திலும் கோடு இன்னொரு கட்டத்திலும் தெரியும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் கிட்டத்தட்ட அரைக் கட்டம் தள்ளிப்போய்விடுகிறது, "நான் அங்கதான் நின்னேன்" என்கிற சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். எங்களுடையது இப்போது 2 மில்லிமீட்டர், ஓரத்தில் மட்டும் ரப்பர்.

உயரம் பற்றி ஒன்று. நாற்காலி போடவில்லை, பாயில்தான் உட்காருகிறோம், கண்ணாடியின் மேல்மட்டம் தரையிலிருந்து 11 இன்ச். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் நல்ல உயர வித்தியாசம் கிடைக்கிறது, திரை நேராகத் தெரிகிறது. ஆச்சியும் உட்காரலாம், குழந்தை தவழ்ந்து வந்தாலும் விழ ஒன்றுமில்லை. சட்டத்தைக் கண்ணாடியைச் சுற்றி ஐந்து இன்ச் அகலமாக விடச் சொன்னேன், டீ டம்ளருக்கும் முறுக்குத் தட்டுக்கும் அது போதும். கண்ணாடி மேல் தின்பண்டம் வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு சட்டம் வீட்டில். பகடையும் கண்ணாடியில் விழக் கூடாது, அதற்குத்தான் சுளகு. மூங்கில் சுளகில் டி20 உருளும் சத்தம் காதுக்கு இதமாக இருக்கும், எங்கேயும் தெறித்து ஓடாது, கை மாற்றிக் கை கொடுக்கவும் லேசு.

கட்டத்தின் அளவு சரியாக ஒரு இன்ச் வரவேண்டும், இல்லையென்றால் காய்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். கணக்கு லேசுதான். 43 இன்ச் திரையின் அகலம் 37.5 இன்ச், மறுபக்கம் 21 இன்ச் சொச்சம். ஃபுல் எச்.டி. என்றால் அகலத்தில் 1920 பிக்சல், வகுத்தால் இன்ச்சுக்கு 51.2. வரைபடத்தில் ஒரு கட்டம் 100 பிக்சலாக இருந்தால் அதை 0.51 மடங்குக்குச் சுருக்க வேண்டும். 4கே திரையில் இன்ச்சுக்கு 102.4 பிக்சல், கிட்டத்தட்ட சுருக்கவே வேண்டாம். இவ்வளவும் சரியாகப் போட்டு முதல் நாள் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் எனக்குக் கட்டம் ஒரு இன்ச்சுக்கு மேல் இருந்தது, ஓரத்தில் ஒரு வரிசையே காணோம். காரணம் டி.வி., வருகிற படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. ஓவர்ஸ்கேன் என்பார்கள். படத்தின் அளவு அமைப்பில் உள்ளதை உள்ளபடி காட்டும்படி மாற்றியதும் சரியானது. விண்டோஸிலும் அந்தத் திரைக்கு மட்டும் அளவை 100 சதவீதத்தில் வையுங்கள். 37-க்கு 21 கட்டம் என்றால் கதையில் 185-க்கு 105 அடி, ஒரு கோட்டை முற்றத்துக்கு அது போதும்.

இனி பெரிய தப்புக்கு வருகிறேன். தொடுதிரை.

மேசை என்றால் தொட்டால் நகர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. டி.வி.யைச் சுற்றி மாட்டுகிற அகச்சிவப்பு ஃபிரேம் ஒன்று பதினொன்றாயிரத்துக்கு வரவழைத்தேன், பத்து விரலை ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கும் என்று போட்டிருந்தது. அது வேலை செய்கிற விதம் இதுதான்: ஃபிரேமின் இரண்டு பக்கத்தில் வரிசையாகக் குட்டி விளக்குகள், எதிர்ப்பக்கத்தில் அந்த ஒளியை வாங்கும் கண்கள். கண்ணாடிக்குச் சில மில்லிமீட்டர் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒளியாலேயே ஒரு வலை. விரல் எந்த இழையை மறைக்கிறதோ அங்கே தொட்டதாகக் கணக்கு. யோசித்தால் இதிலேயே பதில் இருக்கிறது. விரல் மட்டுமா மறைக்கும்? காயை வைத்தால் அதுவும் விரல், அதுவும் எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிற விரல். குனியும்போது தொங்குகிற துப்பட்டா விரல். மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் விழுந்தால் அந்தக் கண்கள் கூசி, யாருமே தொடாத இடத்தில் தொடுகை விழும். காயை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரையில் தெரிகிற டோக்கனாக வைத்தோம், துப்பட்டாவைப் பின்னால் முடிந்தோம், ஜன்னலுக்குத் திரை போட்டோம். ஃபிரேமுக்கு ஏற்ப ஆறு மனிதர்கள் வளைந்துகொண்டிருந்தோம்.

ஐப்பசி முதல் மழை பெய்த ராத்திரி. புழுக்கமாக இருந்ததால் மொட்டை மாடிக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். அறையில் விளக்கைக் குறைத்திருந்தேன், மேசை மட்டும் ஒளிர்ந்தது. கதையில் பாளையக்காரரின் களஞ்சியத்துக்குள் எல்லாரும் மூச்சைப் பிடித்துப் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு ஈசல் வந்து கண்ணாடியில் உட்கார்ந்தது, நான் தட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் நூறு. வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் அவை வேறெங்கே போகும்? இறகை உதிர்த்துவிட்டுக் கண்ணாடி முழுக்க ஊர்ந்தன. வரைபடம் பெரிதாகிறது, சிறிதாகிறது, பக்கவாட்டில் ஓடுகிறது. தம்பியின் டோக்கன் தானாக நகர்ந்து காவல்காரர்கள் நடுவே போய் நின்றது, பூட்டியிருந்த கதவு திறந்தது. "யக்கா, மேப்பு தன்னால ஓடுது!" மேலப்பாளையத்து நண்பன் இரண்டு கையாலும் ஈசலை வழித்தான், ஃபிரேம் அதையும் பத்து விரலாகக் கணக்கெடுத்துக்கொண்டது. நான் ஃபிரேமின் யு.எஸ்.பி.யைப் பிடுங்கினேன். படம் அப்படியே நின்றது.

கதவைச் சாத்தி, கண்ணாடியைத் துடைத்து, பழைய டப்பாவிலிருந்து மரக் காய்களை எடுத்து வைத்து விட்ட இடத்திலிருந்து ஆடினோம். அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான் மாதிரி கடைசல் வேலையில் செய்த காய்கள், அடி ஒரு இன்ச், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயம், அடியில் ஒட்டிய வெல்வெட் துணி. அந்த ராத்திரி ஆட்டம் ஒரு மணி வரை போனது, பல மாதத்துக்குப் பிறகு எல்லாரும் குனிந்து, கை நீட்டி, தன் காயைத் தானே தூக்கி வைத்து, "நான் இங்க, நீ அங்க" என்று பேசினார்கள். தொடுதிரை இருந்தபோது ஒருவர் டோக்கனை இழுத்து முடிக்கும்வரை மற்றவர்கள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

காயைத் தெரிந்துகொள்கிற மேசை உலகத்தில் இல்லாமல் இல்லை. 2008-ல் விற்பனைக்கு வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் மேசை (பிறகு வந்த டேப்லெட்டுக்கு இதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள்) 30 இன்ச் திரைக்கு அடியிலிருந்து ஐந்து கேமராக்களால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. காயின் அடியில் ஒட்டிய குறியைப் படித்து இது யார் காய் என்று அதற்குத் தெரியும். கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற மாதிரி செய்தே காட்டினார்கள். அது அடியிலிருந்து பார்க்கிறது, நம் ஃபிரேமுக்கு ஓர் இழை மறைந்தது என்பது மட்டும்தான் தெரியும். அந்த மேசையின் விலை பத்தாயிரம் டாலர் அளவில் இருந்தது. நம் பட்ஜெட்டில் தொடுகை என்றால் காயை விட்டுவிட வேண்டும். எனக்குக் காய்தான் வேண்டும். ஃபிரேமை டியூஷன் நடத்துகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், சுவரில் நிற்கிற திரைக்கு அது அருமையாக வேலை செய்கிறது.

அந்த ராத்திரியிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருக்கிற கணக்கு இது: கையால் முடிகிறதைக் கையே செய்யட்டும், கையால் முடியாததை மட்டும் திரை செய்யட்டும். உருட்டுவதும் நகர்த்துவதும் கைக்கு வரும். இருட்டைக் காட்டுவது கைக்கு வராது.

அந்த இருட்டுக்கு நாங்கள் பயன்படுத்துவது ஃபவுண்டரி விடிடி என்கிற சாஃப்ட்வேர், வரைபடத்தையும் வெளிச்சத்தையும் திரையில் காட்டுவது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் நம் லேப்டாப்பிலேயே ஓடும், இன்டர்நெட் போனாலும் ஆட்டம் நிற்காது. இப்போதுதான் ஆரம்பிக்கிறவர்கள் பிரவுசரிலேயே ஓடுகிற ஆவுல்பேர் ரோடியோவில் இலவசமாகத் தொடங்குங்கள், வரைபடத்தை ஏற்றி மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க அது போதும், பழகின பிறகு மாறிக்கொள்ளலாம். ஃபவுண்டரியில் "மேசை" என்று தனியாக ஒரு ஆட்டக்காரர் பெயர் உருவாக்கி, அந்தப் பெயரில் திறந்த பிரவுசரை டி.வி.க்கு நகர்த்தி, திரை முழுக்க விரிய எஃப்11 அழுத்திவிடுவேன். லேப்டாப் திரையில் நான் ஜி.எம். ஆக இருப்பேன். இரண்டையும் ஒரே பிரவுசரில் திறந்தால் ஒரு பெயர் இன்னொன்றைத் தள்ளிவிடும், ஒன்றைக் குரோமிலும் மற்றதை ஃபயர்ஃபாக்ஸிலும் திறங்கள். நான் இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

கண்ணாடி மேல் மரக் காய், திரையில் டோக்கன், இரண்டையும் நகர்த்துவது இரட்டை வேலை ஆகுமே என்று எல்லாரும் கேட்பார்கள். ஆகும். நான் ஐந்து டோக்கனையும் நகர்த்திப் பார்த்துக் கை வலித்த பிறகு கண்டுபிடித்தது: ஒரே ஒரு டோக்கன் போதும். அதற்குப் பெயர் பந்தம். யார் கையில் பந்தம் இருக்கிறதோ அவர் காய் நகரும்போது மட்டும் நான் லேப்டாப்பில் அந்த டோக்கனை நகர்த்துவேன். விதிப்படி பந்தத்தின் நல்ல வெளிச்சம் 20 அடி, அதற்கப்பால் இன்னும் 20 அடி மங்கல். கண்ணாடியில் அது நாலு இன்ச் தெளிவு, நாலு இன்ச் மங்கல், அப்புறம் கறுப்பு. சுவர்களை முன்னாலேயே வரைந்து வைத்திருப்பதால் தூணுக்குப் பின்னால் நிழல் விழும், பந்தம் திரும்பினால் நிழலும் திரும்பும். முதல் தடவை இதைப் பார்த்தபோது சித்தி மகன் தன் காயைப் பந்தத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டு, "அக்கா, நான் இவங்கள விட்டுப் போகமாட்டேன்" என்றான். பேப்பர் துண்டின் அளவைப் பார்த்தே சொல்லிவிடுகிற பையன். எனக்கு இரண்டு வருஷம் கிடைக்காதது அந்த நிமிஷத்தில் கிடைத்தது.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது எங்களுக்கு ஒரு மாதம் ஆட்டம் இல்லை. 17, 18 தேதிகளில் பெய்த மழை இங்கே யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோவில் முழுகியது, ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. நண்பர்கள் வீட்டைக் கழுவப் போனோம், விளையாட யாருக்கும் மனசில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து மேலப்பாளையத்து நண்பன்தான் கேட்டான், வெள்ளத்தை வைத்து ஒரு கதை ஆடலாமா என்று. குறுக்குத்துறையில் வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக் கோவிலுக்கு எடுத்துப் போய் வைப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு, எங்கள் கற்பனைப் பாளையத்தில் ஆற்றுக்குள் ஒரு கோவில், தண்ணீர் ஏறுவதற்குள் சாமியைக் கரையேற்ற வேண்டும், படித்துறை ஓரக் குடிசைகளிலிருந்து ஆட்களையும் ஏற்ற வேண்டும் என்று கதை செய்தேன். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் தண்ணீர் ஒரு வரிசை ஏறும்.

வரைபடத்தின் மேல் பாதி ஊடுருவித் தெரிகிற நீலப் படம் ஒன்று வைத்து, சுற்றுக்கு ஒரு தடவை அதை ஒரு இன்ச் இழுத்தேன். அன்றைக்கு ஆச்சி கீழே தூக்கம் வரவில்லை என்று மாடிக்கு ஏறி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். 92 வெள்ளத்தையும் பார்த்தவள். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு என் கையைத் தட்டினாள்.

"ஏட்டி, தண்ணி இப்படி நேர் கோடாவா வரும்? ஆறு கரையேறுததுக்கு முன்னாடி பின்னால ஓடையில எதுத்துக்கிட்டு வந்து நிக்கும். படித்துறையப் பாத்துக்கிட்டே நிப்பாங்க, முதுகுப் பக்கம் முங்கிப் போயிருக்கும்."

நான் அங்கேயே ஆட்டத்தை நிறுத்தினேன். வரைபடத்தில் குடிசைகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் பள்ளம் வரைந்திருந்தேன், அழகுக்காகத்தான் வரைந்தது. நீலப் படத்தில் இன்னொரு பிரதி எடுத்து, சிறிதாக்கி, அந்தப் பள்ளத்தில் வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. சார்ட் பேப்பராக இருந்தால் அன்றைய ராத்திரி அதை மாற்றியிருக்க முடியாது. அடுத்த சுற்றில் பள்ளத்து நீலம் இரண்டு கட்டம் விரிந்தபோது, சாமியைத் தூக்கிக்கொண்டு போன மூன்று காய்கள் ஒருபக்கம், குடிசையிலிருந்து ஏற்றிய ஆட்கள் மறுபக்கம், நடுவில் தண்ணீர். யாருக்கும் பேச்சு வரவில்லை. குடிசை ஆட்களுக்குப் போதுமான காய் எங்களிடம் இல்லை, ஆச்சி தன் சுருக்குப் பையிலிருந்து தாயம் ஆட வைத்திருக்கிற புளியங்கொட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். ஏழு கொட்டை. தண்ணீர் விரிய விரிய அவளே அவற்றை விரலால் மேட்டுக்குத் தள்ளினாள். பக்கத்து வீட்டு மதினி டி20-ஐ உருட்டும்போது "உருட்டு தாயி, நல்லா உரசி உருட்டு" என்றாள். விழுந்தது 19. சாமி கரையேறியது. ஆறு கொட்டை கரையேறியது, ஒன்று ஏறவில்லை. அந்த ஒன்றைப் பற்றி இன்றைக்கும் எங்கள் ஆட்டத்தில் பேசுகிறோம், அந்த ஆளுக்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில பாக்கி. டி.வி.யின் வெளிச்சத்தை முப்பது சதவீதத்துக்கு இறக்குங்கள், கீழேயிருந்து முகத்தில் அடிக்கிற வெளிச்சம் ஒரு மணி நேரத்தில் கண்ணை எரியவைக்கும். தலைக்கு மேலே ட்யூப்லைட் எரிந்தால் கண்ணாடியில் அது நீளமாகப் படுத்துக்கொள்ளும், மூலையில் தாழ்வாக ஒரு விளக்கு போதும். ரிமோட் சமிக்ஞையை வாங்குகிற கண் மரச்சட்டத்துக்குள் போய்விடாமல் ஒரு துளை விடுங்கள். நாலு மணி நேரம் யாரும் பட்டனைத் தொடாவிட்டால் தானாக அணைந்துபோகிற அமைப்பு பல டி.வி.யில் உண்டு, அதை நிறுத்தி வையுங்கள், எங்களுக்கு அது ராட்சசனின் கடைசி அடியின்போது அணைந்தது. டி.வி.யின் ஸ்பீக்கர் தொட்டிக்குள் பேசும், தனி ஸ்பீக்கர் வேண்டும். லேப்டாப்பையும் டி.வி.யையும் இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள். அப்படியும் கரண்ட் இல்லாத ராத்திரி வரும், மேசைக்கு அடியில் ஒரு சுருள் சார்ட் பேப்பர் எப்போதும் இருக்கட்டும். காய் ஒரு இன்ச், கட்டம் ஒரு இன்ச், அப்படியே தொடரலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்று: திரையை அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும். மேசை ஒளிர்ந்துகொண்டிருந்தால் எல்லாரும் அதையே பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். சண்டைக்கும் இருட்டுக்கும் வெள்ளத்துக்கும் அது சரி. பாளையக்காரரின் விதவை மகள் தன் நிலத்தைத் திருப்பிக் கேட்கிற இடத்தில் வரைபடம் எதற்கு? அப்படியான காட்சி வரும்போது நான் முழுக் கறுப்பாக ஒரு பக்கத்தை மேசைக்கு அனுப்பிவிடுவேன், மூலை விளக்கு மட்டும் எரியும், எல்லாரும் தன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் மூன்றரை மணி நேர ஆட்டத்தில் மேசை ஒளிர்வது ஒன்றரை மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்கு இவ்வளவு செலவா என்று கேட்டால், ஆமாம், அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான்.

வருகிற சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. மலைக்குள் ஒரு குகை, காரையாறுக்கு மேலே எங்கோ இருப்பதாக வைத்திருக்கிறேன், சுவர்கள் வரைந்து முடித்தாகிவிட்டது, பந்தம் பக்கத்து வீட்டு மதினி கையில். கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். ஆச்சியின் ஏழு புளியங்கொட்டையும் பகடைச் சுளகிலேயே கிடக்கின்றன, திருப்பிக் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொள்ளவில்லை, மழை வந்தாலும் வராவிட்டாலும் கதவைச் சாத்தி வை என்று மட்டும் சொன்னாள்.